முதிய தலைவர் இறந்தால் கம்யூனிஸ்ட் நாடு என்ன ஆகும்?

"பல பத்தாண்டுகள் ஆண்ட முதிய தலைவர் இறந்துபோனால் ஒரு கம்யூனிஸ்ட் நாட்டில் அடுத்து என்ன நடக்கும்? ராணுவம் ஆட்சியைப் பிடிக்குமா, மக்கள் தெருவுக்கு வருவார்களா, நாடே உடைந்துவிடுமா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அந்த அழுகை நிஜமா நடிப்பா என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். நான்கு கேள்விகள்போலத் தெரிந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அங்கே ஆள்வது அந்த மனிதரா, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியா?

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். சோவியத், சீன, யுகோஸ்லாவிய அரசமைப்புகள் என் பாடம். அந்த நாடுகள் எதிலும் நான் வாழ்ந்ததில்லை. ரஷ்ய மொழியோ சீன மொழியோ தெரியாது, படித்ததெல்லாம் மொழிபெயர்ப்பில்தான். முன்கூட்டிக் கணித்துச் சொன்ன பெருமையும் எனக்குக் கிடையாது. 1991 ஜூலையில் சோவியத் அரசமைப்பை வகுப்பில் ஆரம்பித்தேன்; டிசம்பரில் அந்த நாடே இல்லை. அடுத்த ஏப்ரல் தேர்வில் 'சோவியத் அரசமைப்பின் சிறப்பியல்புகளை விவரி' என்று கேள்வி வந்தது. மாணவர்கள் நிகழ்காலத்திலேயே விடை எழுதினார்கள். நானும் திருத்தி மதிப்பெண் போட்டேன். என் கணிப்புகளை அந்த அளவுக்கு நம்பினால் போதும்; நடந்தவற்றைப் பற்றிச் சொல்வதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதவியில் இருக்கும்போதே நோயிலோ முதுமையிலோ இறந்த கம்யூனிஸ்ட் தலைவர் எவருடைய மரணமும் ஓராண்டுக்குள் அந்த ஆட்சியைக் கவிழ்த்ததில்லை. சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாலின் 1953, வியட்நாமின் ஹோ சி மின் 1969, சீனத்தின் மாவோ 1976, யுகோஸ்லாவியாவின் டிட்டோ 1980, சோவியத்தின் பிரெஷ்னெவ் 1982, அல்பேனியாவின் என்வர் ஹோக்சா 1985, வட கொரியாவின் கிம் இல் சுங் 1994. முதலாம் ஆண்டு நினைவு நாளிலும் ஒவ்வொரு நாட்டிலும் அதே கட்சிதான் ஆட்சியில் இருந்தது. ருமேனியாவின் சௌஷெஸ்குவை எதிர் உதாரணமாகச் சிலர் காட்டுவார்கள். அங்கே 1989 டிசம்பரில் முதலில் ஆட்சி கவிழ்ந்தது, பிறகுதான் அவர் சுடப்பட்டார். வரிசை வேறு.

ஏன் கவிழ்வதில்லை? மாவட்டச் செயலாளர், தொழிற்சாலை மேலாளர், பத்திரிகை ஆசிரியர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று யாரை எந்த நாற்காலியில் அமர்த்துவது என்ற பட்டியல் அந்த நாடுகளில் கட்சியின் கையில் இருக்கிறது. ரஷ்யாவில் அதற்கு 'நொமென்க்ளத்துரா' என்று பெயர். அந்தப் பட்டியலில் பெயர் ஏறிய லட்சக்கணக்கானவர்களின் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கட்சியோடு கட்டப்பட்டவை. தலைவர் இறந்த மறுநாள் காலையில் அலை எழும்பாமல் இருக்கவேண்டும் என்று மற்ற எவரையும்விட அதிகமாக விரும்புகிறவர்கள் அவர்கள்தான். ஆகவே முதல் சில வாரங்களில் வெளியே எதுவும் நடக்காது. நடப்பதெல்லாம் உள்ளே.

அந்த உள்ளே நடப்பதை வெளியிலிருந்து படிக்க ஒரு பழைய வழி உண்டு. இறுதிச் சடங்குக் குழுவுக்கு யார் தலைவர் என்று பார்ப்பது. 1982 நவம்பர் 10 அன்று பிரெஷ்னெவ் இறந்தார். குழுத் தலைவர் ஆந்த்ரோபோவ், அவரே அடுத்த பொதுச் செயலாளர், அதாவது கட்சியின் தலைவர். 1984 பிப்ரவரியில் ஆந்த்ரோபோவ் இறந்தார். குழுத் தலைவர் செர்னென்கோ, அடுத்த பொதுச் செயலாளரும் அவரே. 1985 மார்ச் 10 அன்று செர்னென்கோ போனார். குழுவுக்கு 54 வயது கோர்பசேவ், மறுநாளே அவர் தேர்வானார். இரண்டரை ஆண்டுக்குள் மூன்று சவ ஊர்வலங்கள். செஞ்சதுக்கத்தில் சடங்குக்கு வந்த ஒருவரிடம் காவலர் அனுமதிச் சீட்டு கேட்டாராம். "என்னிடம் சீசன் டிக்கெட்டே இருக்கிறது" என்றாராம் அவர். மாஸ்கோவில் அந்த நாட்களில் சுற்றிய ஜோக் இது. இதைச் சொன்னால் வகுப்பில் பின் வரிசையும் விழித்துக்கொள்ளும்.

ராணுவம் கைப்பற்றுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தனக்காகக் கைப்பற்றியதில்லை, கட்சிக்குள் ஒரு கோஷ்டிக்காகக் கை நீட்டியதுண்டு. ஸ்டாலின் இறந்தபின் எல்லோரும் அஞ்சிய ஆள் உளவுத்துறைத் தலைவர் பெரியா. 1953 ஜூன் 26 அன்று கிரெம்ளின் கூட்ட அறையிலேயே அவரைக் கைது செய்ய, கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான குருஷேவ் கூட்டிவந்தது ஜூக்கோவ் முதலான ராணுவத் தளபதிகளை. பெரியாவின் ஆட்களே காவலில் இருந்த கட்டடத்தில் வேறு யாரை நம்புவது? டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சீனத்தில் மாவோ 1976 செப்டம்பர் 9 அன்று இறந்தார். நால்வர் கும்பல் எனப்பட்ட தீவிரப் பிரிவுத் தலைவர்களில் மூவரை அக்டோபர் 6 இரவு 'கூட்டம்' என்று வரவழைத்துப் பிடித்தார்கள். நான்காமவரான மாவோவின் மனைவி ஜியாங் சிங்கை அவர் வீட்டிலேயே பிடித்தார்கள். கணவர் இறந்து 27 நாட்கள்தான் ஆகியிருந்தன. பிடித்தது தலைமைக் காவல் படை, பின்னால் நின்றவர் மூத்த மார்ஷல் யே ஜியான்யிங். இரண்டு இடத்திலும் காரியம் முடிந்ததும் துப்பாக்கி உறைக்குள் போனது, ஆட்சி கட்சியிடமே இருந்தது.

அடுத்த வாரிசு யார் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இறந்தவர் கைகாட்டிய ஆளோ, முதல் நாள் முன்னால் நிற்கும் ஆளோ நிலைப்பார் என்று நம்பமுடியாது. ஸ்டாலினுக்குப் பின் அரசுத் தலைமை, கட்சிச் செயலகம் இரண்டும் மாலென்கோவிடம் வந்தன. பத்தே நாட்களில், மார்ச் 14 அன்று, செயலகத்தை விட்டுக்கொடுத்துப் பிரதமர் பதவியை வைத்துக்கொண்டார். பெரிய நாற்காலி அதுதான் என்று நினைத்திருக்கவேண்டும். செயலகத்தில் மிஞ்சியவர் குருஷேவ். நான் மேலே சொன்ன பட்டியல் இருப்பது செயலகத்தில். மாகாணம் மாகாணமாக ஆட்களை மாற்றினார் குருஷேவ். 1957இல் மாலென்கோவ் கஜகஸ்தானில் ஒரு நீர்மின் நிலையத்தின் மேலாளர்.

மாவோவுக்குப் பின் வந்த ஹுவா குவோபெங் கதை இன்னும் பரிதாபம். "நீ பொறுப்பில் இருந்தால் எனக்கு நிம்மதி" என்று மாவோ நடுங்கும் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டுதான் அவருடைய மூலதனம். நால்வர் கும்பலை வீழ்த்தியதில் அவருக்குப் பங்கு உண்டு. கட்சித் தலைவர், பிரதமர், ராணுவ ஆணையத் தலைவர் என்று மூன்று பதவிகளும் அவரிடம் இருந்தன. ஆனால் புரட்சிக் காலத்திலிருந்து படையிலும் மாகாணங்களிலும் பழக்கம் உள்ளவர் அவர் அல்ல, டெங் சியாவோபிங். 1976 ஏப்ரலில் எல்லாப் பதவிகளிலிருந்தும் நீக்கப்பட்டிருந்த டெங் 1977 ஜூலையில் திரும்பினார். 1978 டிசம்பர் மத்தியக் குழுக் கூட்டத்துக்குப் பிறகு பாதை அவருடையது. 1981க்குள் ஹுவாவின் மூன்று பதவிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவரைச் சிறையில் அடைக்கவில்லை. மத்தியக் குழுவில் 2002 வரை அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஏன் முதல் வாரிசு தோற்கிறார்? முதிய தலைவர்கள் தங்களுக்குப் போட்டியாக வரமாட்டார் என்று தெரிந்த ஆளைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வாரிசாக்கிய அதே சாதுவான குணம் மறுநாளே அவருக்குப் பகையாகிவிடுகிறது. குடும்பத்துக்குள்ளேயே பதவி போகும் வட கொரியா விதிவிலக்கு. அங்கும் 2011 டிசம்பரில் கிம் ஜாங் இல்லின் சவ வண்டியை ஒட்டி இளைய கிம்மின் பின்னால் நடந்த அத்தை கணவர் ஜாங் சோங் தேக், சரியாக இரண்டு ஆண்டில் மரண தண்டனைக்கு உள்ளானார்.

இப்போது 'நாடு உடையுமா' என்ற கேள்வி. உடைந்த நாடு ஒன்று உண்டு, டிட்டோவின் யுகோஸ்லாவியா; அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும். 1980 மே 4 அன்று டிட்டோ இறந்ததை நான் வானொலிச் செய்தியில் கேட்டேன், அப்போது எம்.ஏ. மாணவன். அணிசேரா நாடுகளின் தலைவர்களாக நேரு, நாசர், டிட்டோ என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய தலைமுறை எங்களுடையது. ஜனவரியில் இடது கால் துண்டிக்கப்பட்டு லூப்லியானா மருத்துவமனையில் நான்கு மாதம் கிடந்தார், 88 வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது போனார். பெல்கிரேடில் மே 8 அன்று நடந்த இறுதிச் சடங்குக்கு பிரெஷ்னெவும் வந்தார், சீனத்தின் ஹுவாவும் வந்தார், மார்கரெட் தாட்சரும் வந்தார், இந்திரா காந்தியும் வந்தார். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத நாடுகள் ஒரே வரிசையில் நின்றன. அவர் நாட்டுக்குள் செய்துவந்த வேலையும் அதுதான்.

ஆறு குடியரசுகள், அவற்றில் ஒன்றான செர்பியாவுக்குள் கொசோவோ, வோய்வோதினா என்ற இரண்டு தன்னாட்சி மாகாணங்கள். இவற்றுக்குள் தகராறு முற்றினால் கடைசியில் 'ஸ்தாரி'யிடம் போகும். ஸ்தாரி என்றால் கிழவர். போர்க்காலத்திலிருந்தே தோழர்கள் டிட்டோவை அப்படித்தான் அழைத்தார்கள். 1971 இறுதியில் குரோஷியத் தலைமை தேசிய உணர்ச்சியில் எல்லை மீறுகிறது என்று தீர்மானித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். சமன் செய்வதுபோல 1972இல் செர்பியத் தலைமையில் இருந்த தாராளவாதிகளையும் அனுப்பினார். இரண்டு தீர்ப்பையும் எல்லோரும் ஏற்றார்கள், ஏனென்றால் தீர்ப்புச் சொன்னவர் அவர். வாரிசாக வரக்கூடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஜிலாஸ் 1954இல் நீக்கப்பட்டார், பிறகு சிறைக்குப் போனார். உளவுத்துறையைக் கையில் வைத்திருந்த ரான்கோவிச், டிட்டோவின் வீட்டிலேயே ஒட்டுக்கேட்புக் கருவி வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1966இல் வீழ்ந்தார். எஞ்சிய கார்டெல் 1979 பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்தார்.

டிட்டோ இதையெல்லாம் யோசிக்காதவர் அல்ல. தனக்குப் பிறகு இன்னொரு டிட்டோ கூடாது என்றே 1974 அரசமைப்பு எழுதப்பட்டது. 406 உறுப்புகள். எட்டு அலகுகளுக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி உட்காரும் கூட்டுத் தலைமை. அதன் தலைவர் பதவி முறைவைத்து ஆண்டுக்கு ஒருவருக்கு. வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரையும்போது எனக்கே பெருமையாக இருக்கும், கடிகாரத்தின் உள்ளே பார்ப்பதுபோல. அந்தக் கடிகாரம் ஓடவும் செய்தது. 'டிட்டோவுக்குப் பிறகும் டிட்டோ' என்று சுவரெல்லாம் எழுதிவைத்துவிட்டு, ஒவ்வொரு மே மாதமும் தலைவர் ஒழுங்காக மாறினார். 1984இல் சரயேவோவில் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திக் காட்டினார்கள். டிட்டோ இல்லாமலும் நாடு நடக்கிறது என்று எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன்.

கடிகாரத்துக்குள் இரண்டு பழுதுகள் இருந்தன. ஒன்று பணம். கிழவர் விட்டுச்சென்றவற்றில் சுமார் 2,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனும் ஒன்று. எழுபதுகளில் கடன் வாங்கி நடந்த நல்ல வாழ்வுக்கு எண்பதுகளில் பில் வந்தது. ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்துக் காரை எடுக்கவேண்டியதாயிற்று. காபியும் சலவைத்தூளும் கடையில் இல்லை. துருக்கிக் காபி இல்லாமல் பொழுதே விடியாத மக்களுக்கு அது சின்ன விஷயமல்ல. 1989இல் விலைவாசி ஆண்டுக்கு ஆயிரம் சதவீதத்துக்கு மேல் ஏறியது. பணம் சுருங்கினால் பங்காளிகள் கணக்குப் பார்ப்பார்கள். நாங்கள் சம்பாதித்து ஏன் தெற்கே கொடுக்கவேண்டும் என்றது ஸ்லோவேனியா. எங்களை ஏழையாகவே வைத்திருக்கிறீர்கள் என்றது கொசோவோ. 1981 மார்ச்சில் கொசோவோவின் பிரிஷ்டினா பல்கலைக்கழக உணவு விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று மாணவர்கள் தட்டை வீசியதில் தொடங்கிய கலகம், சில வாரங்களில் தனிக் குடியரசுக் கோரிக்கையாகி, படையை வைத்து அடக்கும் நிலைக்குப் போனது. கிழவர் இறந்து ஓராண்டு முடியவில்லை.

இரண்டாவது பழுது இன்னும் ஆழமானது. எட்டுப் பேர் வாக்களிக்கும் சபையில் நான்குக்கு நான்கு என்று நின்றால் தீர்ப்புச் சொல்வது யார்? அரசமைப்பை எழுதியவர்கள் இதற்கு விடை எழுதவில்லை. டிட்டோ உயிரோடு இருந்தவரை அந்தக் கேள்வி எழவே இல்லை. மிலோசெவிச் என்ற செர்பியக் கட்சித் தலைவர் அந்த ஓட்டையைக் கண்டுகொண்டார். 1987 ஏப்ரலில் கொசோவோ செர்பியர்கள் முன் பேசிய பேச்சால் பெயர் பெற்றவர், 1988, 1989 இரண்டு ஆண்டுகளில் வோய்வோதினா, மாண்டினீக்ரோ, கொசோவோ மூன்றிலும் தலைமைகளை மாற்றித் தன் ஆட்களை வைத்தார். செர்பியாவோடு சேர்த்து எட்டில் நான்கு வாக்கு. 1990 ஜனவரியில் கட்சி மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியர்கள் எழுந்து வெளியேறினார்கள். அகில நாட்டுக் கட்சி அன்றோடு முடிந்தது. 1991 மே 15 அன்று முறைப்படி தலைவராகவேண்டியவர் குரோஷியாவின் ஸ்தீபே மெசிச். எட்டில் தேவையான ஐந்து வாக்கு கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டு தவறாமல் சுற்றிய முறை அங்கே நின்றது. ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன. அதன் பிறகு நடந்தது போர்; அதை இங்கே விவரிக்கவேண்டாம்.

ஆகவே டிட்டோ இறந்ததால் யுகோஸ்லாவியா உடைந்தது என்று ஒரே வரியில் சொல்வது சரியா? இங்கேதான் உறுதியிலிருந்து ஐயத்துக்கு இறங்குகிறேன். மரணத்துக்கும் பிளவுக்கும் இடையே பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. பெர்லின் சுவர் விழாமல் இருந்திருந்தால், கடனில் ஒரு பகுதியை மேற்கு நாடுகள் தள்ளுபடி செய்திருந்தால், மிலோசெவிச்சுக்குப் பதில் 1972இல் விரட்டப்பட்ட தாராளவாதிகள் பெல்கிரேடில் இருந்திருந்தால் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு மூன்றாவது வாதத்தில் சாய்வு உண்டு. நிரூபிக்கச் சொன்னால் முடியாது. நான் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தகராறு தீர்க்கும் கடைசி இடம் ஒரு கட்சிக் குழுவாக இருந்த நாட்டில் தலைவரின் சாவு ஒரு பதவி மாற்றம். அந்த இடம் ஒரு மனிதராகவே இருந்த நாட்டில் அது வேறு விஷயம், ஆனால் வேறு விஷயம் என்பது வெளியே தெரிய ஆண்டுகள் பிடிக்கும்.

முதல் வகைக்கு வியட்நாம் நல்ல உதாரணம். ஹோ சி மின் தன் உடலை எரிக்கச் சொல்லி எழுதிவைத்தார். கட்சி அதைக் கேட்கவில்லை. பதப்படுத்தி ஹனோயில் மண்டபம் கட்டி வைத்தது. (இறந்தவரின் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.) போர் ஒரு நாள் நிற்கவில்லை, தலைமையில் ஏற்கெனவே இருந்த லே துவான் தொடர்ந்தார். லே துவான் 1986 ஜூலை 10 அன்று இறந்தபோது விலைவாசி ஆண்டுக்கு 700 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது, கூட்டுப்பண்ணைகள் படுத்துவிட்டன. இடைக்காலப் பொறுப்புக்கு வந்தவர் 79 வயது ட்ரூவோங் சின். வின் ஃபூக் மாகாணத்தில் நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகைபோலப் பிரித்துக் கொடுத்ததை 1968இல் கடுமையாகக் கண்டித்த பழைய கறார்ப் பேர்வழி. அவரே அந்த ஐந்து மாதத்தில் கட்சி மாநாட்டு அறிக்கையைத் திருத்தி எழுதவைத்தார். டிசம்பர் மாநாட்டில் நுயென் வான் லின் தலைமைக்கு வந்தார், 'தோய் மோய்' எனப்படும் பொருளாதாரப் புதுப்பித்தல் பிறந்தது. 1989இல் அந்த நாடு 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. மரணம் அங்கே எதையும் உடைக்கவில்லை, எல்லோரும் மனதுக்குள் வைத்திருந்ததை வாய்விட்டுச் சொல்ல அனுமதி கொடுத்தது. 2024 ஜூலை 19 அன்று பொதுச் செயலாளர் நுயென் பூ த்ரோங் 80 வயதில் இறந்தபோதும் இரண்டு வாரத்தில் தோ லாம் தேர்வானார். காவல்துறை அமைச்சராக இருந்தவர். சாதுவான வாரிசு அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். அடுத்த ஆண்டே 63 மாகாண அலகுகளை 34 ஆக்கிவிட்டார்.

மக்கள் தெருவுக்கு வருவார்களா? வருவார்கள், ஆனால் இறந்த வாரத்தில் அல்ல, இறந்தவரின் தலைநகரில்தான் என்றும் இல்லை. ஸ்டாலின் மறைந்தபின் மாஸ்கோவில் கூட்டம் திரண்டது உண்மை. உடலைப் பார்க்கத்தான், அந்த நெரிசலில் பலர் நசுங்கிச் செத்தார்கள். கலகம் வெடித்தது ஜூன் மாதத்தில், கிழக்கு ஜெர்மனியில். மாஸ்கோவின் புதிய தலைமை 'பிடியைத் தளர்த்துங்கள்' என்று கிழக்கு பெர்லினுக்குச் சொன்னது. அவர்கள் பலவற்றைத் தளர்த்தி, தொழிலாளர்களின் உற்பத்தி அளவை உயர்த்திய ஆணையை மட்டும் அப்படியே வைத்தார்கள். மேலே குழப்பம் இருக்கிறது என்று கீழே தெரிந்துவிட்டது. ஜூன் 17 அன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் வேலைநிறுத்தம். சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. அல்பேனியர்கள் ஹோக்சாவின் சிலையைத் திரானாவின் மையச் சதுக்கத்தில் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது 1991 பிப்ரவரி 20 அன்று, அவர் இறந்து ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்து. தலைவர் இல்லை என்பதால் மக்கள் இறங்குவதில்லை. இருப்பவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று தெரியும்போதுதான் இறங்குகிறார்கள்.

அழுகையைப் பற்றி. வட கொரியக் காட்சிகளை வைத்து எதையும் முடிவு செய்யமாட்டேன். அழாமல் நிற்பது ஆபத்தாகக்கூடிய இடத்தில் அழுகையை அளக்கக் கருவி இல்லை. ஆனால் எல்லாம் நடிப்பு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டிட்டோ இறந்த அன்று மாலை குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில் கால்பந்து ஆட்டம். உள்ளூர் ஹாய்துக் அணிக்கும் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணிக்கும். பாதி ஆட்டத்தில் நிறுத்திச் செய்தியைச் சொன்னார்கள். குரோஷிய, செர்பிய ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து டிட்டோவுக்கு உறுதி சொல்லும் பாட்டைப் பாடியது. அந்தப் படச்சுருள் இருக்கிறது, யாரும் துப்பாக்கி காட்டி அழவைத்ததாகத் தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டு ஒரே முகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். 1990 செப்டம்பரில் அதே மைதானத்தில் ஹாய்துக் ரசிகர்கள் களத்துக்குள் புகுந்து யுகோஸ்லாவியக் கொடியை இறக்கி எரித்தார்கள். 1980இல் அழுத சிலராவது அன்று கைதட்டியிருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன். அதனால் முந்தைய அழுகை பொய்யாகிவிடாது.

நண்பர் எந்த நாட்டை மனதில் வைத்துக் கேட்டார் என்று சொல்லவில்லை. கியூபாவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அங்கே ஒருமுறை ஒத்திகை நடந்துவிட்டது. 2006 ஜூலை 31 அன்று ஃபிடல் காஸ்ட்ரோ நோயுற்றுத் தம்பி ராவுலிடம் பொறுப்பைக் கொடுத்தார். 2016 நவம்பர் 25 அன்று 90 வயதில் இறந்தபோது அவரில்லாமல் ஆளப் பத்து ஆண்டு பழகியிருந்தார்கள். அஸ்தி சாந்தியாகோவில் ஒரு பாறைக்குள் வைக்கப்பட்டது, அவர் கேட்டுக்கொண்டபடி சிலையோ தெருப்பெயரோ கூடாது என்று சட்டமும் போட்டார்கள். ராவுல் 1931இல் பிறந்தவர். 2018இல் குடியரசுத் தலைவர் பதவியும் 2021இல் கட்சிச் செயலாளர் பதவியும் புரட்சிக்குப் பிறகு பிறந்த தியாஸ் கனேலுக்குப் போயின. பதவியை விட்ட பின்னும் தகராறு வந்தால் கடைசியில் யாரிடம் போகிறார்கள், ராவுலிடமா கட்சிக் குழுவிடமா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அது தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மறுபாதி, அங்கே மின்சாரம் தரும் எண்ணெய் வெளியிலிருந்து வருகிறதா என்பதில் இருக்கிறது. 2021 ஜூலை 11 அன்று கியூபர்கள் பல ஊர்களில் தெருவுக்கு வந்தபோது யாரும் இறந்திருக்கவில்லை. உணவும் மருந்தும் இல்லை, மின்சாரம் இல்லை. 2024 அக்டோபரில் தீவு முழுவதுமே இருண்டது. அந்த நாட்டைப் பற்றி இப்போது நாளிதழைத் திறந்தால், ராவுலின் உடல்நிலைச் செய்தியைத் தாண்டி, எந்த ஊரில் எத்தனை மணி நேர மின்வெட்டு என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.